பேர் வெட்டிய பாத்திரம்: பழைய வால்வு ரேடியோவைச் செய்தது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவின் விளிம்பில் ஒரு பேரும் தேதியும் வெட்டியிருக்கும். அந்தப் பேருக்கு உரியவர்தான் அண்டாவைத் தட்டிச் செய்தார் என்று யாரும் நினைப்பதில்லை. வாங்கியவர் பேர் அல்லது கொடுத்தவர் பேர், அவ்வளவுதான். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டை இடிக்குமுன் பரணைக் காலி செய்யும்போது ஒரு வால்வு ரேடியோ (பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய ரேடியோ) இறங்கினால், முகப்பில் பித்தளை எழுத்தில் இருக்கும் பேர்தான் அதைச் செய்த கம்பெனி என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பேரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. காரணம் எளிது. பல செட்டுகளில் அது வெறும் வெட்டிய பேர்.

மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், நெல்கோ, எச்.எம்.வி. போன்றவற்றில் இந்தச் சிக்கல் கிடையாது. பேரும் ஊரும் தொழிற்சாலையும் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் எல்லாம் யாருமே கேள்விப்படாத பேர்களில்தான். அப்படிப்பட்ட ஒரு செட்டுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கலாம்: பேருக்கு உரியவர், உதிரிகளை வாங்கிப் பூட்டியவர், சேஸியையும் (உதிரிகளைப் பூட்டும் உலோகத் தட்டு) காயிலையும் (நிலையத்தைப் பிடிக்கும் கம்பிச் சுருள்) உண்மையாகச் செய்தவர். சில சமயம் மூவரும் ஒருவரே. பல சமயம் இல்லை.

இது நம்மூரில் மட்டும் நடந்த காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 'சில்வர்டோன்' என்ற பேர் சியர்ஸ் ரோபக் கடையுடையது. 'ஏர்லைன்' என்பது மான்ட்கோமரி வார்டு கடையுடையது. இரண்டு கடைகளும் வெளிக் கம்பெனிகளிடம் செய்து வாங்கித் தங்கள் பேரை ஒட்டின. ஏர்லைன் செட்டுகளில் கணிசமானவற்றைச் செய்தது சிகாகோவின் வெல்ஸ் கார்ட்னர். பிரிட்டனில் கூட்டுறவுச் சங்கங்கள் விற்ற 'டிஃபையன்ட்' செட்டுகளைச் செய்து கொடுத்தது பிளஸ்ஸி. பிளஸ்ஸியின் பேர் அந்த முகப்பில் எங்கும் இருக்காது. அதனால் தேட வேண்டியது பேரை அல்ல, சேஸியை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

திறப்பதற்கு முன்பே தெரிவது

செட்டைத் துடைக்காதீர்கள். கையில் ஈரத்துணி எடுத்த நிமிடமே பாதி சாட்சி அழிந்துவிடும். டயல் கண்ணாடியில் ஊர்ப் பேர்கள் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அறுபது எழுபது வருஷத்தில் அந்த மை பொரிந்து நிற்கும். தண்ணீரோ ஸ்பிரிட்டோ பட்டால் எழுத்து துணியோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

டயலை மெதுவாகப் படியுங்கள். முதலில் அலைவரிசைப் பட்டைகள். லாங்வேவ் பட்டை இருந்தால் அந்த டயல் ஐரோப்பாவுக்காகப் போடப்பட்டது. இந்தியாவில் லாங்வேவ் ஒலிபரப்பு இல்லாததால் இங்கே விற்க வந்த செட்டுகளில் அதற்குப் பதில் இரண்டு மூன்று ஷார்ட்வேவ் பட்டைகள் இருக்கும். பட்டன்களில் யூ, கே, எம், எல் என்று நான்கு எழுத்து இருந்தால் ஜெர்மன் வழி. மீடியம்வேவில் 640, 1240 என்ற இரண்டு இடங்களில் மட்டும் சிறு முக்கோணக் குறி இருந்தால், அது அமெரிக்காவில் 1953 முதல் 1963 வரை விற்கப்பட்ட செட். போர் அபாயத்தின்போது மக்கள் திருப்ப வேண்டிய இடங்கள் அவை. ஊர்ப் பேரே இல்லாமல் வெறும் 55, 60, 70 என்று 160 வரை எண் மட்டும் ஓடினாலும் பெரும்பாலும் அமெரிக்கச் செட்தான்.

ஊர்ப் பேர்கள் 'இதற்கு முன் இருக்க முடியாது' என்ற கோட்டைக் கிழித்துக் கொடுக்கும். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939 மே மாதம். டயலில் திருச்சி இருந்தால் அந்தக் கண்ணாடி 1939-க்கு முந்தியது அல்ல. டெல்லி, மெட்ராஸ் வரிசையிலேயே லாகூரும் டாக்காவும் கலந்து நின்றால் அது பிரிவினைக்கு முன் வரைந்த டயலாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்களுக்குப் பக்கத்தில் 'கிலோ சைக்கிள்' என்ற பழைய அலகா, 'கிலோ ஹெர்ட்ஸ்' என்ற புதிய அலகா என்றும் பாருங்கள். ஹெர்ட்ஸ் என்ற அலகு உலக அளவில் ஏற்கப்பட்டது 1960-இல். அது டயலுக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது.

அடுத்தது பின்னட்டை. 'மேனுஃபேக்சர்டு பை' என்றால் செய்தவர். 'அசெம்பிள்டு பை' என்றால் பூட்டியவர். 'சோல் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ்' என்றால் விற்றவர். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு. ரிப்பேர் கடை ஒட்டிய காகிதச் சீட்டைச் செய்தவர் சீட்டாக எண்ணுவது இரண்டாவது. கடைச் சீட்டு பெரும்பாலும் கெபினெட்டின் உள்சுவரில் கோணலாக ஒட்டியிருக்கும், தேதியோ பில் எண்ணோ பேனாவில் எழுதியிருக்கும். செய்தவர் சீட்டு சேஸியில் ரிவெட் அடித்தோ பின்னட்டையில் அச்சாகவோ நேராக இருக்கும்.

முகவரி கிடைத்தால் அதுவே பாதித் தேதி. 'மெட்ராஸ்-1' என்றால் ஜார்ஜ் டவுன், 'மெட்ராஸ்-13' ராயபுரம், 'மெட்ராஸ்-21' வண்ணாரப்பேட்டை. 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்க பின்கோடு வந்தபோது இந்த எண்கள்தான் 600-க்குப் பின்னால் போய் உட்கார்ந்தன. ஆகவே ஆறு இலக்கமும் அச்சாகியிருந்தால் அந்தச் சீட்டு 1972-க்குப் பிந்தியது, அதாவது வால்வு செட்டின் காலம் ஏறக்குறைய முடிந்த பிறகு. தெருப் பேரையும் கவனியுங்கள். சைனா பஜார் ரோடுதான் இன்றைய என்.எஸ்.சி. போஸ் ரோடு, பிராட்வேதான் பிரகாசம் சாலை. ஆனால் தெருப் பேரை வைத்துத் துல்லியமாக வருஷம் சொல்லாதீர்கள். இன்றைக்கும் பஸ்ஸில் 'பிராட்வே ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். கடைக்காரர் மட்டும் உடனே மாற்றியிருப்பாரா?

சேஸியை வெளியே எடுப்பது

செய்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோ பாட வேண்டியதில்லை. ப்ளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆசையை முற்றிலும் விட்டுவிடுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த செட்டில் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காய்ந்து போயிருக்கும். மின்சாரம் கொடுத்தால் அது வெடிக்கலாம், கூடவே ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோகலாம். அமெரிக்கச் செட் என்றால் இன்னும் மோசம். துறைமுகத்தை ஒட்டிய ஊர் என்பதால் கப்பல்காரர்கள் கையோடு வந்த 117 வோல்ட் செட்டுகளும் வடசென்னை வீடுகளில் கிடைப்பதுண்டு. அவற்றில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. 12, 12, 12, 50, 35 வோல்ட் என்று ஐந்து வால்வுகளின் ஹீட்டர்கள் (உள்ளே சூடேறும் இழைகள்) வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். கூட்டினால் 121 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் வால்வுகள் ஒரு நொடியில் போய்விடும்.

ஒருவேளை செட் சமீபத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்றால், ப்ளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த கம்பிகளோடு பெரிய கண்டென்சரின் குறுக்கே பத்து விநாடி வைத்துப் பிடியுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள், 10 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது பார்க்க வீரமாக இருக்கும், கண்டென்சரின் கால் உருகிப் போகும்.

குமிழ்களின் பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ இருந்தால் தளர்த்துங்கள். இல்லையென்றால் அது ஸ்ப்ரிங் குமிழ். பின்னால் ஒரு முழம் நூலைச் சுற்றி நேராக இழுத்தால் வந்துவிடும். நெம்பினால் பேக்கலைட் விரியும். கெபினெட்டின் அடியில் பெரும்பாலும் நான்கு போல்ட். ஸ்பீக்கர் கம்பி நீளமாக இருந்தால் அப்படியே விடலாம், குட்டையாக இருந்தால் நிறத்தைக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். டயல் நூல் ஓடும் வழியைக் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். எடுக்காதவர்கள் எல்லோரும் பின்னால் வருந்துவார்கள்.

கடல் காற்றுக்கு வருவோம். காசிமேடு, ராயபுரம் பக்கத்து வீடுகளில் கிடந்த இரும்புச் சேஸியில் வெள்ளைப் பவுடர் பூத்திருக்கும். உப்பு என்று நினைத்து ஊதவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ கூடாது. பழைய சேஸிகளுக்குக் கேட்மியம் பூச்சு கொடுப்பார்கள். அது அரித்து வரும் தூள் நஞ்சு. கையுறை போட்டு, ஈரமான காகிதத்தால் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஈரம் சரி, அதுவும் எழுத்து, முத்திரை எதுவும் இல்லாத இடத்தில்.

வாங்கிய உதிரியும் வீட்டில் செய்த உதிரியும்

இந்தக் கலையின் மையம் இதுதான். சேஸியில் இருக்கும் பொருள்களை மனசுக்குள் இரண்டு கூறாகப் பிரியுங்கள். வால்வு, ஸ்பீக்கர், கண்டென்சர், ரெசிஸ்டர், கேங் (நிலையம் மாற்றும் தகட்டுக் கண்டென்சர்), வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றை யாரும் கடையில் வாங்கலாம். அவற்றில் எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் அது உதிரி செய்தவர் பேர். முல்லார்டு வால்வு இருப்பதால் அது முல்லார்டு செட் ஆகாது. சமையலில் போட்ட உப்புப் பாக்கெட்டைப் பார்த்துச் சமைத்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

மறுகூறு, கடையில் வாங்க முடியாதவை: சேஸியில் அடித்த ஓட்டைகளின் அமைப்பு, காயில் சுற்றிய விதம், டயல் டிரம், டயல் கண்ணாடி, வால்வு சாக்கெட் பக்கத்தில் தட்டிய எண்கள், பரிசோதித்தவர் வைத்த ரப்பர் ஸ்டாம்பு. இவற்றுக்கு ஆள் தேவை, அச்சு தேவை, மெஷின் தேவை. இதில்தான் செய்தவரின் கையெழுத்து இருக்கிறது.

ஓட்டைகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். டை (வெட்டும் இரும்பு அச்சு) வைத்து ஒரே அடியில் வெட்டிய ஓட்டையின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் லேசான உதடு போலவும் இருக்கும். வட்டம் வட்டமாகவே இருக்கும். சுற்றிலும் சின்னச் சின்னத் துளை போட்டு நடுவை உடைத்து அரம் போட்டுத் தேய்த்த ஓட்டை என்றால் விளிம்பில் அலை தெரியும். முதலாவது தொழிற்சாலை, இரண்டாவது பட்டறை. அலுமினியத் தகட்டை மடித்த சேஸி, சாக்கெட் பக்கத்தில் பென்சிலில் எழுதிய வால்வு எண், மூன்று தினுசு ஸ்க்ரூ, தனியாக வாங்கிப் பூட்டிய காயில் பேக் எல்லாம் ஒன்றாக இருந்தால் அது உள்ளூரில் பூட்டிய செட். அப்போது தேட வேண்டியது கம்பெனியை அல்ல, கடையை.

சேஸியில் எதுவும் பூட்டாமல் விட்ட ஓட்டைகளைத் தனியாக எண்ணுங்கள். மேஜிக் ஐ வால்வுக்கான (நிலையம் சரியாகப் பிடித்ததை ஒளியால் காட்டும் வால்வு) ஓட்டை இருக்கும், மேஜிக் ஐ இருக்காது. கூடுதல் வால்வுக்கு இடம் இருக்கும், தகடு போட்டு மூடியிருக்கும். ஒரே சேஸியைப் பல மாடலுக்கும், சில சமயம் பல பேருக்கும் அடித்த பெரிய கம்பெனியின் அடையாளம் இது. தெரியாத பேர் ஒட்டிய செட்டில் வெற்று ஓட்டைகள் இருந்தால் 'சேஸி வேறு ஒருவருடையது' என்ற சந்தேகத்தை உடனே எழுதி வையுங்கள்.

ஒப்பிடுவதற்கு ஓட்டை வரைபடம் போடுவது நல்ல வழி. வால்வுகளைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் தாளைச் சேஸியின் மேல் இறுக்கி வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தால் ஓட்டைகளும் தட்டிய எண்களும் அப்படியே பதியும். பிறகு மூன்று அளவு எடுங்கள்: சேஸியின் நீள அகலம், டியூனிங் தண்டுக்கும் வால்யூம் தண்டுக்கும் நடுவே உள்ள தூரம், சாக்கெட் மையங்களுக்கு இடையே உள்ள தூரம். எல்லாம் மில்லிமீட்டரில். கெபினெட்டை மாற்றலாம், குமிழை மாற்றலாம், டயலை மாற்றலாம். தண்டுகளின் இடைவெளியை மாற்ற வேண்டுமானால் டையையே மாற்ற வேண்டும், அதற்குக் காசு செலவாகும். அதனால் ஒரே சேஸி வேறு வேறு பேரில் வந்தாலும் இந்த அளவு மாறாது. பழைய சர்வீஸ் தாள்களிலும் இணையத்தில் இருக்கும் சேஸிப் படங்களிலும் ஒப்பிட இந்த வரைபடம்தான் கைகொடுக்கும்.

வால்வுகள் என்ன சொல்லும்

வால்வு செய்தவரைச் சொல்லாது, காலத்தைச் சொல்லும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். வால்வு பல்பு மாதிரி, மாற்றக் கூடிய பொருள். அதனால் வால்வைவிட சாக்கெட்டை நம்புங்கள். வால்வை யாரும் இரண்டு நிமிடத்தில் மாற்றலாம், சாக்கெட்டை மாற்ற சால்டர் பிடிக்க வேண்டும்.

நடுவில் சாவி மாதிரி முளை உள்ள எட்டுக் கால் ஆக்டல் சாக்கெட் 1935 வாக்கில் வந்தது. எட்டு மெல்லிய கால்களும், பக்கவாட்டில் கடுகு அளவு மேடும் உள்ள ரிம்லாக் 1940களின் பிற்பகுதி. பிலிப்ஸ் வழி வந்தது, அமெரிக்கச் செட்டில் பார்க்கவே முடியாது. ஒன்பது கால் நோவல் சாக்கெட் என்றால் 1950களின் செட், அல்லது அதற்குப் பிந்தியது. ஐரோப்பிய வால்வின் பேரிலேயே இது எழுதியிருக்கிறது. முதல் எழுத்து ஈ என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட், யூ என்றால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 100 மில்லி ஆம்பியர் வரிசை, டி என்றால் பேட்டரி செட். எண் 30களில் இருந்தால் ஆக்டல், 40களில் இருந்தால் ரிம்லாக், 80களில் இருந்தால் நோவல். ஈ.சி.எச்.42, ஈ.எஃப்.41, ஈ.பி.சி.41, ஈ.எல்.41, ஈ.இசட்.40 என்று ஐந்தும் ஒரே குடும்பமாக இருந்தால் செட் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று கொள்ளலாம். யூ வரிசை வால்வு என்றால் இன்னொரு எச்சரிக்கை: சேஸியே மெயின்ஸோடு நேரடியாக இணைந்திருக்கும். குமிழைக் கழற்றிய தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், பேருக்குச் சம்பந்தமில்லாமல், சாம்பல் நிறத்தில் நான்கைந்து எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1950களின் நடுவிலிருந்து பிலிப்ஸ் குழுமத் தொழிற்சாலைகள் இட்ட குறி அது. 'பி 6 சி 2' என்று இருந்தால் பி என்பது இங்கிலாந்தின் பிளாக்பர்ன், 6 என்பது வருஷத்தின் கடைசி இலக்கம், சி என்பது மார்ச், 2 என்பது இரண்டாம் வாரம். ஆர் என்றால் மிட்சம், டி என்றால் ஹாம்பர்க், எழுத்துக்குப் பதில் முக்கோணம் என்றால் ஹாலந்தின் ஹீர்லன். 6 என்பது 1956-ஆ 1966-ஆ என்று அது சொல்லாது. அதற்கு டயலையும் சாக்கெட்டையும் கேட்க வேண்டும். நோவல் வால்வின் அடிக் கண்ணாடியில் கால்களுக்கு நடுவே வைர வடிவம் பதிந்திருந்தால் டெலிஃபுங்கன்.

பி.இ.எல். என்று அச்சிட்ட வால்வு என்றால் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ். பிலிப்ஸ் ஒத்துழைப்போடு அங்கே ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது 1960களின் தொடக்கத்தில். ஆகவே ரிம்லாக் செட் ஒன்றின் நடுவே ஒரே ஒரு பி.இ.எல். வால்வு இருந்தால் அது பின்னால் மாற்றியது. அதை வைத்து 'இந்தியச் செட்' என்று முடிவு கட்டக் கூடாது.

வால்வில் எழுத்து மங்கியிருந்தால் தேய்க்காதீர்கள். அந்த மை விரலோடு வந்துவிடும். வாயால் ஆவி ஊதி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து இரண்டு விநாடி தெரியும். அதற்குள் போட்டோ.

மரையை எண்ணுவது

சேஸியைக் கட்டியிருக்கும் சிறு ஸ்க்ரூ பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் நாட்டைச் சொல்வதில் பேர்ப் பலகையைவிட அது யோக்கியமானது. தொழிற்சாலை அடித்த, துருப்பிடித்து அசையாமல் இருந்த ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி எடுங்கள். இஸ்கேலின் மேல் படுக்க வைத்து 10 மில்லிமீட்டருக்குள் எத்தனை மரை என்று லென்ஸ் வைத்து எண்ணுங்கள். சுமார் 15 வந்து, தடிமன் 3.6 மில்லிமீட்டர் இருந்தால் அது பிரிட்டிஷ் மரை அளவான 4 பி.ஏ. ஏறக்குறைய அதே தடிமன், 3.5, ஆனால் மரை 12 அல்லது 13 மட்டும் என்றால் அமெரிக்க 6-32. தடிமன் 3, மரை 20 என்றால் மெட்ரிக், ஐரோப்பியக் கண்டம். தடிமன் 2.8, மரை 19 என்றால் 6 பி.ஏ. 19-க்கும் 20-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அங்கே தடிமனைத்தான் கேட்க வேண்டும், அதற்கு வெர்னியர் தேவை. மர ஸ்க்ரூவையும் பின்னட்டை ஸ்க்ரூவையும் கணக்கில் எடுக்காதீர்கள், அவை எத்தனையோ முறை தொலைந்து மாற்றப்பட்டவை. இந்தியாவில் பிரிட்டிஷ் வழிக் கம்பெனிகளும் பி.ஏ. மரையைப் பயன்படுத்தின. ஆகவே 4 பி.ஏ. என்பது 'இங்கிலாந்தில் செய்தது' என்று அர்த்தம் தராது, 'அமெரிக்கச் செட் அல்ல' என்று மட்டும் உறுதியாகச் சொல்லும். அதுவே பெரிய லாபம்.

ஸ்பீக்கருக்கு வருவோம், சுருக்கமாக. அமெரிக்க ஸ்பீக்கரில் ஆறு ஏழு இலக்க எண் தட்டியிருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்தவர்: 220 ஜென்சன், 137 சி.டி.எஸ்., 274 ஆர்.சி.ஏ. பின்னால் வருவது வருஷமும் வாரமும். கடைசி இரண்டு இலக்கம் 52-ஐ அல்லது அபூர்வமாக 53-ஐத் தாண்டினால் அது தேதி அல்ல, வேறு எண்ணைப் படிக்கிறீர்கள். அமெரிக்க பேடன்ட் எண்கள் உள்ள சீட்டு இருந்தால் அதில் மிகப் பெரிய எண்ணை மட்டும் பாருங்கள். இருபது லட்சமாவது பேடன்ட் 1935-இல், இருபத்தைந்து லட்சமாவது 1950-இல் கொடுக்கப்பட்டது. செட் அந்த எண்ணின் வருஷத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜப்பான் உதிரியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் 1952-க்கு முந்தியது. ஜெர்மன் உதிரியில் 'யு.எஸ். ஸோன்' என்றிருந்தால் போர் முடிந்த அடுத்த சில வருஷம்.

பேர் ஒன்று, ஆள் வேறு

பேரே சரியாகத் தெரிந்தும் ஏமாறும் இடங்கள் உண்டு. 'நேஷனல்' என்ற பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாயின் நேஷனல் எக்கோ ஒன்று. டாடா குழுமத்தின் கீழ் பின்னாளில் நெல்கோ ஆனது அதுதான். அமெரிக்காவின் மால்டனில் இருந்த நேஷனல் கம்பெனி இன்னொன்று. ஜப்பானின் மட்சுஷிடா 1927 முதல் பயன்படுத்திய நேஷனல் மூன்றாவது. மூன்றுக்கும் சொந்தபந்தம் கிடையாது. அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரிட்டனின் ஜி.இ.சி.யும் அப்படியே, பேரில் மட்டும் பங்காளிகள். கிராமபோன் முன்னால் உட்கார்ந்த நாய் படம் இங்கிலாந்தில் எச்.எம்.வி., அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர். நேர்மாறாக, முல்லார்டும் பிலிப்ஸும் பேர் வேறு, வீடு ஒன்று.

காகிதத்தில் தேடுவது

சேஸி பேசி முடித்த பிறகுதான் காகிதம். இந்தியாவில் வணிகக் குறிகளைப் பதியும் சட்டம் வந்தது 1940-இல். இணையத்தில் உள்ள பொதுத் தேடலில் 9-ஆம் வகுப்பில் (ரேடியோ போன்ற மின்சாதனங்களுக்கான வகுப்பு) பேரைப் போட்டுப் பாருங்கள், வெவ்வேறு எழுத்துக் கூட்டிலும் போடுங்கள். புதுப்பிக்காமல் விட்ட பழைய குறிகள் கணினிக்கு வராமலே போயிருக்கலாம். அதனால் 'தேடினேன், இல்லை' என்பதை 'அப்படி ஒன்று கிடையாது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிப் பதிவிலும் அதே கதைதான். கிடைத்தால் 21 எழுத்து அடையாள எண்ணின் நடுவில் மாநில எழுத்தும் பதிவான வருஷமும் நேராகவே இருக்கும். பட்டறைக்காரர்கள் பலர் கம்பெனியாகவே பதிந்திருக்க மாட்டார்கள்.

உள்ளூர்ப் பேருக்கு விளம்பரம்தான் நல்ல ஊற்று. தீபாவளி மலர்கள், தீபாவளி, பொங்கல் வாரங்களில் வந்த நாளிதழ்கள், அகில இந்திய வானொலி வெளியிட்ட 'வானொலி' இதழ் ஆகியவற்றை எழும்பூர் கன்னிமாராவிலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் கேளுங்கள். வருஷம் தெரியாமல் போனால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டயலும் சாக்கெட்டும் கொடுத்த நாலைந்து வருஷ இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலும் அக்டோபர், நவம்பர் இதழ்களை மட்டும் முதலில் பாருங்கள். ரேடியோ விற்ற மாதங்கள் அவை. வீட்டில் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 1980கள் வரை ரேடியோ வைத்திருக்க போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். அந்தப் புத்தகத்தின் முதல் முத்திரை செட் எந்த வருஷத்துக்கு முன்பே வீட்டில் இருந்தது என்று காட்டிவிடும்.

ஒரு செட்டை வைத்து எல்லாவற்றையும் கோர்த்துப் பார்ப்போம். முகப்பில் கேள்விப்படாத பேர். டயலில் லாங்வேவ் இல்லை, இரண்டு ஷார்ட்வேவ், ஊர்களில் டெல்லி, மெட்ராஸ், திருச்சி, சிலோன். உள்ளே ஐந்து ரிம்லாக் சாக்கெட், நான்கில் முல்லார்டு, ஒன்றில் பி.இ.எல். சேஸி இரும்பு, டை ஓட்டை, மேஜிக் ஐ ஓட்டை வெறுமனே இருக்கிறது. ஸ்க்ரூ 4 பி.ஏ. ஸ்பீக்கர் புதுசு, அதன் ஓட்டைகள் பலகையில் பொருந்தவில்லை. பின்னட்டையில் 'சோல் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ், பிராட்வே, மெட்ராஸ்-1'. இதிலிருந்து என்ன சொல்லலாம்? இந்திய விற்பனைக்காகச் செய்தது, உறுதி. 1940களின் கடைசிக்கும் 1950களின் நடுவுக்கும் இடையில், பெரும்பாலும். அமெரிக்கச் சேஸி அல்ல, உறுதி. முகப்புப் பேர் விற்றவருடையது, பெரும்பாலும். சேஸி பல மாடல் செய்த ஒரு கம்பெனியுடையது, பெரும்பாலும். எந்தக் கம்பெனி என்பதை ஓட்டை வரைபடமும் தண்டு இடைவெளியும் வேறொரு செட்டோடு பொருந்தும்போதுதான் சொல்ல முடியும். ஸ்பீக்கரும் பி.இ.எல். வால்வும் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டன.

இதை அப்படியே, உறுதி, பெரும்பாலும், சந்தேகம் என்ற மூன்று தலைப்பில், பென்சிலால் ஒரு அட்டையில் எழுதுங்கள். பேனா மை மழைக்காலத்தில் பரவும். கழற்றிய ஸ்க்ரூ, உதிர்ந்த சீட்டுத் துண்டு, உடைந்த டயல் சில்லு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அட்டையோடு சேர்த்துக் கெபினெட்டின் உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்கும் வால்வுக்கும் தள்ளியுள்ள மூலையில் கட்டி வையுங்கள். காயலாங்கடைக்குப் போனாலும் அடுத்துத் திறப்பவர் கைக்கு அது அப்படியே போய்ச் சேரும்.